தண்டவாளத்துக்கு அடியில் ஓர் ஊர்

டீச்சர்,

உங்கள் வடிகட்டுத் துணி என் நாற்காலி முதுகில் காய்ந்துகொண்டிருக்கிறது. மூன்றாக மடித்த வெள்ளைத் துணி, ஓரத்தில் நீங்களே போட்ட நீல நூல் தையல். இன்னும் ஈரம் போகவில்லை. பாசியும் கருங்கல்லும் கலந்த கேணித் தண்ணீர் வாடை அறை முழுக்க இருக்கிறது. எந்தக் கேணி என்று உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் இத்தனை வருஷமாகத் தெரியாமல் போயிற்று.

இந்தத் துணியை நான் முதலில் பார்த்த நாள் நினைவிருக்கிறதா? நம் பள்ளிக்கு நீங்கள் வரலாறு எடுக்க வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். நான் கணக்கு. ஆசிரியர் அறையில் அடுத்தடுத்த நாற்காலி, ஆனால் ஒருநாள்கூட நீங்கள் பானைத் தண்ணீரைத் தொட்டதில்லை. என் கையால் ஒரு டம்ளர் வாங்கியதில்லை. எங்கள் தெருவில் பிறந்தவர்களுக்கு இதெல்லாம் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. காரணம் இன்னது என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, உங்களோடு பேச்சை அளவாக வைத்திருந்தேன். பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் படுத்தபோது, சொல்லாமல் கொள்ளாமல் திண்டிவனம் வெயிலில் எங்கள் தெருவுக்கே நடந்து வந்தீர்கள். வந்ததும் வராததுமாக, "டீச்சர், ஒரு செம்பு தண்ணி குடுங்க, தாகம் உயிர் போவுது" என்றீர்கள். எங்கள் கொல்லைக் கேணியிலிருந்து அம்மா மொண்டு கொடுத்ததும் கைப்பையைத் திறந்து இந்தத் துணியை எடுத்துச் செம்பின் வாயில் கட்டினீர்கள். வடிகட்டி ஒரே மூச்சில் குடித்தீர்கள். "உங்க வீட்டுத் தண்ணி இனிப்பா இருக்குது" என்றீர்கள்.

அப்புறம் செய்ததுதான் எனக்கு வேடிக்கையாக இருந்தது. துணியைப் புரட்டிப் பிடித்து, அதன்மேல் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரை மறுபடி எங்கள் கேணியிலேயே விட்டீர்கள். அம்மா வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள்.

"துணியில தங்கினதுங்க எல்லாம் உசுருங்கதானே. எந்தத் தண்ணியிலருந்து எடுத்தமோ அதே தண்ணியில கொண்டுபோய் வுட்டுடணும். வேற எடத்துல வுட்டா அதுங்களுக்கு ஆவாது. எங்க நயினார் வீடுங்கள்ல இதான் வழக்கம்."

"கண்ணுக்கே தெரியாததுக்கா டீச்சர் இவ்ளோ மெனக்கெடறீங்க?"

"கண்ணுக்குத் தெரியலன்னா இல்லன்னு ஆயிடுமா?"

காய்ச்சலோடு சிரித்தேன். ஒரு வருஷமாக மனசில் வைத்திருந்த கசப்பை நினைத்து வெட்கமாகவும் இருந்தது. மேல்சித்தாமூர் பக்கத்துச் சமணர்களான நயினார்கள் பொழுது சாய்ந்தால் சாப்பிட மாட்டார்கள், வடிகட்டாத தண்ணீரைக் குடிக்க மாட்டார்கள் என்று காதால் கேட்டிருந்தேனே தவிர, பக்கத்து நாற்காலிக்காரி அப்படிப்பட்டவள் என்று யோசித்ததில்லை. அன்றிலிருந்து நான் உங்கள் கடிகாரமானேன். ஆசிரியர் கூட்டம் ஐந்து மணியைத் தாண்டினால் மேஜைக்கு அடியில் உங்கள் காலை மிதிப்பேன். நீங்கள் டிபன் பாக்ஸைத் திறப்பீர்கள். தலைமையாசிரியை முறைப்பார். "சூரியனுக்கும் உங்களுக்கும் ஒரே டைம்டேபிள்" என்று நான் கிண்டல் செய்யாத நாள் குறைவு. பிற்பாடு எல்லார் வீட்டுக்கும் கேன் தண்ணீர் வந்த பிறகும் நீங்கள் துணியை விடவில்லை. "கேன் தண்ணியையுமா?" என்று கேட்டதற்கு, "கேன்காரன நம்பறேன் டீச்சர், கைதான் நம்ப மாட்டேங்குது" என்றீர்கள்.

பள்ளிக்கு நூறு வயசு ஆனபோது மலர் போட முடிவு செய்தார்கள். 'நம் ஊர்' என்ற கட்டுரை உங்கள் தலையில் விழுந்தது. கணக்கு டீச்சருக்கு அதில் என்ன வேலை என்று மற்றவர்கள் கேட்டார்கள். சனிக்கிழமை மதியம் பள்ளி விட்டதும் உங்களோடு சுற்றக் கிடைத்ததே எனக்குப் போதுமாக இருந்தது. தாலுகா ஆபீஸ், பழைய முன்சீப் கோர்ட், வெள்ளைக்கார அதிகாரிகள் இரவு தங்கிப் போன பங்களா, மிஷன்காரர்களின் கல்லறைகள், டிரங்க் ரோட்டில் எண் போட்டு நின்ற புளிய மரங்கள் எல்லாவற்றையும் நடந்தே பார்த்தோம். திண்டிவனம் என்றாலே புளியங்காடு, ஊர்ப் பெயரிலேயே புளி இருக்கிறது, அந்த மரங்களில் பாதி நாற்கரச் சாலைக்குப் போய்விட்டன என்று நீங்கள் புலம்பினீர்கள். சென்னையிலிருந்து வருகிறவர்கள் பாண்டிக்குப் பிரிகிற இடம் என்பதுதான் வெள்ளைக்காரன் காலம் முதல் நம் ஊருக்கு இருந்த பெருமை. "நம்ம ஊருக்கு வந்தவங்களவிட இங்க திரும்பினவங்கதான் ஜாஸ்தி" என்றீர்கள். கட்டுரையின் முதல் வரியாக அதையே போடச் சொன்னேன். மலர்க் குழு அடித்துவிட்டது.

சிவப்புப் பேனா இல்லாமல் உங்களை நான் பார்த்ததில்லை. பரீட்சைத் தாள் மட்டுமா? பஸ்ஸில் கொடுக்கிற நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, கோயில் திருவிழா அழைப்பு எதுவானாலும், தகவல் தப்பாக இருந்தால் உங்களுக்குக் கை பரபரக்கும். "பிரின்ட்ல வந்துட்டா தப்பு சரியாயிடுமா?" என்று கேட்டுக்கொண்டே திருத்துவீர்கள். ஒருமுறை என் அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையைத் திருத்தி என்னிடமே திருப்பிக் கொடுத்தீர்கள். அண்ணன் என்னோடு ஒரு மாதம் பேசவில்லை.

ரயில் பாதை பற்றி எழுத வந்தபோதுதான் அந்த வரி குறுக்கே வந்தது. மலர்க் குழுத் தலைவரிடம் பழைய வெள்ளைக்காரக் குறிப்பு ஒன்று இருந்தது. அதைத் தமிழாக்கி அவரே உங்களிடம் நீட்டினார்: "இருப்புப்பாதை வருமுன் அவ்விடம் மனித நடமாட்டமற்ற தரிசாகவே கிடந்தது." நான் அதைப் படித்துவிட்டு உங்களிடம் என் அப்பாவைப் பற்றிச் சொன்னேன். அப்பா நம் பள்ளி ஹாஸ்டலில் சமையல்காரர் என்பது உங்களுக்குத் தெரியும். ரயில் சத்தம் கேட்கும்போதெல்லாம் அவர், "நம்ம ஊரு அந்தத் தண்டவாளத்துக்கு அடியிலதான் கெடக்குது" என்று சொல்லிக்கொண்டிருப்பார். எங்கள் ஆட்களைக் கிளப்பி விட்டுத்தான் பாதை போட்டார்கள், தண்டவாளம் ஏறிய மேட்டுக்கு மண் சுமந்ததும் எங்கள் ஆட்களே, பிறகு ஒண்ட இடமில்லாமல் இந்தத் தெருவுக்கு வந்தார்கள் என்பது எங்கள் வீட்டுக் கதை. அந்த ஊர் எங்கே இருந்தது, பெயர் என்ன என்று அப்பாவுக்கே தெரியாது. நிலம் இல்லாதவர்களுக்குப் பட்டா ஏது, பத்திரம் ஏது? அந்த ஒரு வரி அச்சில் ஏறக் கூடாது என்று உங்களிடம் கெஞ்சினேன். என் வாழ்க்கையில் நான் வேறு எதற்கும் அப்படிக் கெஞ்சியதில்லை. நீங்கள் தலைவரிடம் போய் வாதாடினீர்கள். "ஆதாரம் இல்லாம எப்படி மேடம் போடறது? ஒரே ஒரு ஆதாரம் கொண்டாங்க, எடுத்துடறேன்" என்றார்.

அப்படித்தான் கார்த்திகை மாதத்தில் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்த அந்த ஓய்வுபெற்ற கேங்மேன் வீட்டுக்குப் போனோம். அவரும் அவர் அப்பாவும் திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவே தண்டவாளம் பார்த்தவர்கள். நாம் போனபோது பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். எழுந்து, முகம் கழுவி, கரி இன்ஜின் காலத்துக் கதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் வெயில் இறங்கிவிட்டது. முந்தின நாள் சதுர்த்தசி விரதம், நீங்கள் முழுப் பட்டினி. காலையிலும் சரியாகச் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"அங்க ஒரு கேணி கீதும்மா," என்றார் பெரியவர். "எங்கப்பா அத ஊர்க்கேணின்னுதான் சொல்லும். சுத்துவட்டாரத்துல ஒரு ஊடு கெடையாது, இதுக்கு ஏன்பா ஊர்க்கேணின்னு பேருன்னு நான் கேட்டேன். அதுக்கு அவரு…"

"டீச்சர், டைம் ஆவுது," என்று எழுந்துவிட்டேன்.

"பரவால்ல டீச்சர், ஒரு வேளைதானே. பெரியவர் சொல்லிக்கினு இருக்காரு இல்ல?"

"நேத்தும் பட்டினி, இன்னைக்குமா? மயக்கம் போட்டு வுழுந்தா யாரு தூக்கறது? அடுத்த சனிக்கிழமை வர்றோம் பெரியவரே."

அவரும் சிரித்துக்கொண்டே கும்பிட்டார். உங்களை இழுத்துக்கொண்டு வந்து, சூரியன் மறைவதற்குள் சாப்பிட வைத்துவிட்டதில் எனக்கு ஏகப்பட்ட திருப்தி. வியாழக்கிழமை அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு போய்விட்டது என்று ஸ்டேஷன் டீக்கடையில் சொன்னார்கள். எல்லாம் முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மலர் வந்தது. பளபளப்பான அட்டை. பதினான்காம் பக்கத்தில் அந்த வரி அப்படியே இருந்தது. கடைசி நேரத்தில் தலைவர் சேர்த்துவிட்டார் என்று நீங்கள் சொன்னீர்கள். நான் காதில் வாங்கவில்லை. உங்கள் மேல் எனக்கு என்ன கோபம் டீச்சர்? அந்தச் சாயங்காலம் எழுந்து வந்தது நான். அந்தக் கோபத்தை என்மேல் வைத்துக்கொள்ளத் தைரியமில்லாமல் உங்கள் மேல் இறக்கினேன். ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் முன்னால் சொன்னேன்: "கண்ணுக்குத் தெரியாத பூச்சிக்கெல்லாம் எடம் பாத்து வுடறீங்க. எங்க ஊருக்கு உங்க கட்டுரையில ஒரு வரி எடம் இல்ல." சிவப்புப் பேனாவை மூடி வைத்துவிட்டு வகுப்புக்குப் போனீர்கள். சொன்ன வாய்க்கு அன்றைக்கே வலித்தது. ஆனாலும் போய் மன்னிப்பு கேட்கவில்லை.

அதன் பிறகும் பேசினோம்தான். அட்டவணை, விடைத்தாள், யாருக்கு எந்த வகுப்பு என்பதோடு சரி. சனிக்கிழமை நடை நின்றுபோனது. ஒரு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்து, "டீச்சர், உங்ககிட்ட இருக்கற மலர் ஒரு வாரம் குடுங்க, பாத்துட்டுத் தர்றேன்" என்று வாங்கிப் போனீர்கள். உங்களிடமே ஒன்று இருக்கும்போது என்னுடையது எதற்கு என்றுகூட நான் கேட்கவில்லை. மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தேன். அடுத்த வாரம் திருப்பிக் கொடுத்தபோது, "ஒரு தரம் பொரட்டிப் பாருங்க" என்றீர்கள். பதினான்காம் பக்கம் இருக்கிற புத்தகத்தைப் புரட்ட எனக்கு மனசு வரவில்லை. பீரோவின் அடித்தட்டில், பழைய புடவைகளுக்கு அடியில் செருகிவிட்டேன். நீங்கள் ஓய்வு பெற்று, மகளோடு விழுப்புரம் போய்விட்டீர்கள். பொங்கலுக்கும் கிறிஸ்துமஸுக்கும் போன் பேசுவோம். ஒவ்வொரு முறையும் வைப்பதற்கு முன், "வேற ஒண்ணும் இல்லையா டீச்சர்?" என்று கேட்பீர்கள். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தீர்கள் என்பது இப்போதுதான் புரிகிறது.

போன வருஷம் நீங்கள் இறந்த செய்தி கேட்டு ஓடி வந்தேன். பாசஞ்சர் தாமதம். சூரியன் சாய்வதற்குள் எடுத்துவிட்டிருந்தார்கள். அப்போதும் நீங்கள் நேரம் தவறவில்லை, நான்தான் தவறினேன்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் வந்தாள். உங்கள் கைப்பையிலிருந்த இந்தத் துணியை, "அம்மா உங்களுக்குக் குடுக்கச் சொன்னாங்க ஆன்ட்டி" என்று நீட்டினாள். ஒரு வருஷமாக எடுத்து வரக் கை வரவில்லை என்று அழுதாள். பிறகு, "ஆஸ்பத்திரியில இருக்கும்போது ஒண்ணு கேட்டாங்க. கணக்கு டீச்சர் எண்ணிட்டாங்களான்னு கேளுன்னாங்க. எனக்கு ஒண்ணும் புரியல. மலர்ல எழுதி வச்சிருக்கேன், பாத்திருப்பாங்கன்னு சொன்னாங்க" என்றாள்.

அவள் இருக்கும்போதே பீரோவைத் திறந்தேன். புடவைகளை வாரிக் கீழே போட்டேன். பதினான்காம் பக்கம். அந்த வரி முழுக்கச் சிவப்பு மையால் அடித்திருந்தது, அளவுகோல் வைத்து, நேராக. ஓரத்தில் உங்கள் குண்டு எழுத்து:

"தவறு. இங்கே ஊர் இருந்தது. ஊர்க்கேணி இன்றும் இருக்கிறது. பெரியவர் இடது கையால் காட்டினார். நான் கண்ணால் பார்த்தேன். கல் விளிம்பில் குடம் இறைத்த கயிற்றுத் தடங்கள். ஆளில்லாத தரிசில் யார் இறைத்தது? தடங்களை நான் எண்ணவில்லை. கணக்கு டீச்சர் வந்து எண்ணட்டும்."

அதற்குக் கீழே தண்டவாளம், ஒரு மதகு, மூன்று பனைமரம், ஒரு வட்டம் போட்ட சின்ன வரைபடம்.

பேச்சுதான் போயிற்று, கை இருக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது. எனக்குத் தோன்றவில்லை. மலர் வந்த பிறகு பெரியவரை ஆட்டோவில் உட்கார வைத்து, அவர் மனைவியையும் ஏற்றிக்கொண்டு, தண்டவாளத்தை ஒட்டியே போயிருக்கிறீர்கள். அன்றைக்கு வீட்டுக்கு வர இருட்டிவிட்டது, அம்மா அன்று ராத்திரி பட்டினி என்று உங்கள் மகள் சொன்னாள். நான் எந்தப் பட்டினிக்குப் பயந்து எழுந்து வந்தேனோ அதையே இருந்திருக்கிறீர்கள். அதோடு விடவில்லை. நூலகத்துப் பிரதி, பழைய ஆசிரியர்கள் வீட்டுப் பிரதிகள், தலைவர் வீட்டுப் பிரதி எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக இரவல் வாங்கித் திருத்தியிருக்கிறீர்கள். எந்த வீட்டுக்குப் போனாலும் அம்மா மலர் இருக்கிறதா என்று கேட்பாள், எங்களுக்கு மானம் போகும் என்றாள் மகள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். பன்னிரண்டு வருஷமாக என் பீரோவிலேயே என் ஊர் இருந்திருக்கிறது.

இன்று காலை உங்கள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பனைமரம் இப்போது ஒன்றுதான் நிற்கிறது. மதகு அப்படியே இருக்கிறது. விழுப்புரம் போகும்போதெல்லாம் நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கடந்து போன இடம்தான் டீச்சர். கடலைச் செடி பூத்திருந்த மல்லாட்டைக் கொல்லை நடுவில், சுற்றிலும் நொச்சி மண்டி, கேணி. களை எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"யாரும்மா? இன்னா வோணும்?"

"இந்தக் கேணியப் பாக்க வந்தேம்மா."

என் கையிலிருந்த துணியைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. "இதே மாதிரி துணி வச்சிக்கினு ஒரு டீச்சரம்மா வருவாங்க. வருசத்துக்கு ஒருவாட்டியாவது வந்து இந்தக் கல்லு மேல ஒக்காந்துக்கினு இருப்பாங்க. இன்னா பண்றீங்கம்மான்னு கேட்டா, இன்னொரு டீச்சரு வரணும், கணக்கு டீச்சருன்னு சொல்லுவாங்க. நீங்கதானா அது?"

"நான்தாம்மா."

"இவ்ளோ நாளு எங்க போயிக்கினு இருந்தீங்க?"

நொச்சியை ஒதுக்கிவிட்டு விளிம்பில் கை வைத்தேன். ஒவ்வொரு தடமும் என் சுண்டுவிரல் உட்காரும் அளவுக்கு ஆழம், வழவழப்பு. கருங்கல்லை இவ்வளவு தேய்க்க எத்தனை கைகள், எத்தனை வருஷம் இறைத்திருக்க வேண்டும் என்று கணக்குப் போடப் பார்த்தேன். முப்பது வருஷம் கணக்கு எடுத்தவளுக்கு அந்தக் கணக்கு வரவில்லை. அந்தக் கைகளில் என் அப்பாவின் பாட்டன் கையும் இருந்திருக்கும் என்று மட்டும் தோன்றியது. கேணியைச் சுற்றி வந்து எண்ணினேன். சரிபார்க்க மறுபடி எண்ணினேன்.

அந்த அம்மாள் தன் வாளியால் ஒரு செம்பு மொண்டு கொடுத்தாள். உங்கள் துணியைக் கட்டி வடிகட்டிக் குடித்தேன். கொஞ்சம் உப்புக் கரித்தது. இனிப்பு என்று பொய் சொல்ல எனக்கு உங்கள் அளவுக்கு வராது. குடித்து முடித்து, துணியைப் புரட்டிப் பிடித்து, அதன்மேல் தண்ணீர் ஊற்றி, வாளியில் ஏந்தி, வாளியைக் கேணிக்குள்ளேயே இறக்கினேன். அவை வேறு எங்கும் போக வேண்டாம் டீச்சர். அதே தண்ணீரில் இருக்கட்டும்.

இப்போது மலரைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். வரும் வழியில் கடையில் சிவப்புப் பேனா வாங்கினேன். இனி இது என் கைப்பையில் உங்கள் துணியோடு கிடக்கும். நீங்கள் திருத்தாமல் விட்ட பிரதி ஒன்றிரண்டாவது இந்த ஊரில் இருக்கும், ஒவ்வொரு வீடாகக் கேட்டுப் பார்க்கப் போகிறேன். மானம் போனால் போகட்டும்.

"கணக்கு டீச்சர் வந்து எண்ணட்டும்" என்ற உங்கள் வரிக்குக் கீழே இருபத்து மூன்று என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதினேன். பிறகு, முப்பது வருஷப் பழக்கத்தில், உங்கள் விடைக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டேன்.